சுவையும் தரமும்: பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளை மதிப்பிடுமாறு

மாசி மாதத்திலே மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் காமன் கூத்து நிகழும். தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்பி இரந்து நிற்பதும் யாவரும் அறிந்த கதை. முடிவை முன்னரே அறிந்தவர்களாயினும் மக்கள் இரவு முழுவதும் விழித்திருந்து காண்பர். விடிந்தபின் லயத்து வாசலிலே மதிப்பீடு தொடங்கும். "இந்த வருஷத்து ரதி சரியில்லை" என்பார் ஒருவர். ஏன் என வினவினால், சென்ற ஆண்டு ரதியாக ஆடியவர் தம் மருமகன் என்பதன்றி வேறு காரணம் அவரிடம் இராது. மற்றொருவரும் அதனையே கூறுவார். ஆயின், புலம்பல் நடக்கும் இடத்திலே ரதியின் கால் தப்பின் ஓசைக்குப் பிந்திவிட்டதென அவர் காரணங் காட்டுவார். மூன்றாமவரோ, ரதியின் பகுதியே தமக்குப் பிடிப்பதில்லையென்றும், வீரபத்திரன் வரும்போதே தமக்குத் தூக்கம் கலையும் என்றும் கூறி முடித்துக்கொள்வார்.

மூவர் தீர்ப்பும் ஒன்றே. ஆயினும் அவை மூன்று வேறு வகையான கூற்றுகள். முதலாமவர் பேசியது ரதியைப் பற்றியன்று. தம் உறவைப் பற்றி. மூன்றாமவர் பேசியது தம் விருப்பைப் பற்றி. அதனை எவரும் மறுத்தல் இயலாது, மறுக்க வேண்டியதுமில்லை. இரண்டாமவர் ஒருவரே கூத்தைப் பற்றிப் பேசினார். அவர் கூற்று மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். தப்பு அடித்தவரை அழைத்து வினவினால் தெரிந்துவிடும். தஞ்சைப் பகுதியிலே இக்காமன் கதையை வைத்தே எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு கட்சியாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என லாவணி பாடி வாதிடும் வழக்கமுண்டு. அவ்வரங்கிலும் 'எனக்கு அவ்வாறு தோன்றுகிறது' எனக் கூறி எவரும் தப்பிவிட முடியாது. காரணங் கூறியே ஆகவேண்டும்.

இதே வழக்கு இப்பொழுது வேறொரு களத்திலே, அந்த லயத்து வாசலில் அமர்ந்திருந்தோரின் பேரப்பிள்ளைகளிடையே, நடைபெறுகின்றது. 'ஆர்.பி.ஜி.' எனச் சுருக்கி அவர்கள் வழங்கும் பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளிலே எது சிறந்தது என்பதே வழக்கு. "இது தலைசிறந்த விளையாட்டு" என ஒருவர் கூறுவதும், "அஃது உன் ருசி" என மற்றவர் ஒரே சொல்லால் அடைத்துவிடுவதும் நாடோறும் நிகழ்வன. வேடிக்கை யாதெனின், ருசி என்று கூறியவரே தமக்குப் பிடித்த விளையாட்டைப் பிறர் இகழும்போது தரம் என்னும் சொல்லைக் கையிலெடுத்துக்கொள்வார். சுவையும் தரமும் ஒன்றா வேறா என்னும் வினா, முதியோர் பலர் கண்டிராத இப்புதுக் கலையிலே பழைய கலைகளினும் கூர்மையாக எழுகின்றது.

இவ்விளையாட்டு யாது என்பதை முதலில் விளக்குதல் வேண்டும். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டை வெளியிட்டனர். சுற்றியிருப்போர் வீரன், மந்திரவாதி, கள்வன் என்றாற்போல ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலியன எண்களாற் குறிக்கப்பெறும். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் தத்தம் பாத்திரம் யாது செய்யும் எனக் கூறுவர். செயல் பலித்ததா என்பதைப் பலமுகத் தாயக்கட்டைகள் தீர்மானிக்கும். இம்முறையே பின்னர்க் கணினிக்கு ஏறியது. 1981 இல் அமெரிக்காவிலே 'அல்ட்டிமா', 'விசார்ட்ரி' என்பனவும், 1986 இல் யப்பானிலே 'டிராகன் குவெஸ்ட்' என்பதும் வெளிவந்தன. கதை நடத்துபவரின் இடத்தைக் கணினி ஏற்றுக்கொண்டது. தாயக்கட்டையும் கணினிக்குள்ளேயே மறைந்துவிட்டது.

கூத்துக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கூத்திலே ஆடுபவர் வேறு, காண்பவர் வேறு. இங்கோ ஆடுபவரே காண்பவர். 2010 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபோல்அவுட்: நியூ வேகஸ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அணுப்போரின் பின் பாழான அமெரிக்கப் பாலைநிலத்திலே கதை நிகழ்கின்றது. இறுதியில் எதிர்ப்படும் படைத்தலைவனைப் படைக்கலத்தால் வெல்லலாம். ஏற்ற பாத்திரத்தின் பேச்சுத்திறன் போதிய அளவு வளர்ந்திருக்குமாயின், ஒரு குண்டும் சுடாது சொல்லாலேயே அவனைத் திருப்பியனுப்பவும் செய்யலாம். ஆகவே ஒரே விளையாட்டை ஆடிய இருவர் இரு வேறு முடிவுகளைக் கண்டு திரும்புகின்றனர். ஒருவர் 'சண்டை மந்தம்' என்பதும் மற்றவர் 'உரையாடல் அருமை' என்பதும் முரண் போலத் தோன்றினும் முரணல்ல. இவ்வகைக் கலையிலே வாதம் தொடங்குமுன் இருவரும் கண்டது ஒன்றுதானா என வினவவேண்டியிருக்கிறது. நூலாயின் இவ்வினா எழாது.

தமிழருக்கு இச்சிக்கல் முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலைத் தொடங்குமிடத்தே பண்ணை என்னும் சொல்லை ஆள்கின்றார். விளையாட்டு என்பது அதன் பொருள். விளையாட்டரங்கிலே தோன்றும் சுவையைப் பற்றியே அவ்வியல் பேசத் தொடங்குகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது. உரையாசிரியர்கள் சுவை பிறக்குமாற்றை நான்காகப் பகுத்துக் காட்டுவர்: சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, அதன்வழி உள்ளத்திலே நிகழும் குறிப்பு, அக்குறிப்பு உடம்பிலே வெளிப்படும் விறல். இப்பகுப்பின் நுட்பம் யாதெனின், சுவையை முழுவதும் பொருளின்மீதும் ஏற்றாமல், முழுவதும் மனத்தின்மீதும் ஏற்றாமல், இரண்டுக்கும் இடையே நிகழ்வதாகக் கொண்டமையாம். இளைஞர் வழக்கிலே ஒரு சாரார் முதற் பகுதியை மட்டும் பற்றிக்கொள்கின்றனர். மறு சாரார் மூன்றாம் பகுதியை மட்டும் பற்றிக்கொள்கின்றனர்.

பொருளின்மீது ஏற்றத்தக்க குற்றங்கள் உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். போலந்து நாட்டு நிறுவனமாகிய சி.டி. புரொஜெக்ட் ரெட் உருவாக்கிய 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டு 2020 டிசம்பர் 10 ஆம் தேதி வெளிவந்தது. முதலில் மதிப்புரை எழுதியோருக்கு வலிமைமிக்க கணினிகளில் ஆடத்தக்க பிரதிகளே அனுப்பப்பட்டிருந்தன. அவர்கள் மிக உயர்ந்த புள்ளிகளை வழங்கினர். பொதுமக்கள் பழைய பிளேஸ்டேஷன் முதலிய கருவிகளில் அதனை இட்டபோதோ ஆட்டம் இடையிலே நின்றுபோயிற்று, உருவங்கள் சிதைந்தன. ஒரு வாரத்துக்குள்ளேயே சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக்கொடுக்க முன்வந்தது. 2021 ஜூன் மாதத்திலேயே அது மீளச் சேர்க்கப்பட்டது. ஆட்டம் நின்றுபோவது சுவைவேறுபாடன்று. அதனை விரும்பியவருக்கும் நின்றது, வெறுத்தவருக்கும் நின்றது. இத்தகைய குற்றங்களை எண்ணலாம், பிறருக்குக் காட்டலாம், திருத்தவும் செய்யலாம். பின்னர் அவை பெரும்பாலும் திருத்தவும் பட்டன. ஆயினும் குற்றமின்மை வேறு, சிறப்பு வேறு. எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லாத கட்டுரைகளை எத்தனையோ ஆசிரியர்கள் உறக்கத்தோடு திருத்தியிருக்கின்றனர்.

எண்ணத்தக்க குற்றத்துக்கும் எண்ணவியலாத விருப்புக்கும் இடையிலே ஒரு பரப்புண்டு. வழக்கு முழுவதும் நடைபெறுவது அப்பரப்பிலேதான். 1757 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் சுவையின் அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரையிலே, செர்வாண்டிஸின் 'டான் கிஹோட்டே' என்னும் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கின்றார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்து மதிப்பிட இருவர் அழைக்கப்பட்டனர். மது நன்று, ஆயின் சிறிது தோல் மணக்கின்றது என்றார் ஒருவர். நன்றுதான், ஆயின் இரும்பின் சுவை சிறிது தட்டுகின்றது என்றார் மற்றவர். இருவரையும் ஊரார் எள்ளி நகைத்தனர். பீப்பாய் காலியானபோது அதன் அடியிலே தோல்வார் கட்டிய பழைய இரும்புத் திறவுகோல் கிடந்தது. நா நுட்பம் என்பது கற்பனையன்று என்பதே ஹியூமின் கருத்து. இத்தகைய நாவைப் பெறுவதற்குப் பயிற்சியும், பிறவற்றோடு ஒப்பிட்ட பழக்கமும், பக்கச்சார்பு நீங்கிய மனமும் வேண்டும் என்கிறார். வடமொழி அலங்கார நூலார் சகிருதயன் எனப் போற்றும் சுவைஞனும் இவனுக்கு அயலானல்லன். 1790 இலே ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் வேறொரு வேறுபாட்டைக் காட்டினார். ஒன்று இனிது என்பவர் 'எனக்கு' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ள உடன்படுவார். அழகிது என்பவரோ பிறரும் உடன்படவேண்டும் என எதிர்பார்க்கின்றார். தமிழ்த் திறனாய்விலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. க.நா. சுப்ரமண்யம் தேர்ந்த வாசகனின் ரசனையை முதன்மைப்படுத்தினார். 1959 இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, ரசனை போதாது, அலசிக் காட்டவேண்டும் என நின்றார்; ஈழத்திலே க. கைலாசபதி இலக்கியத்தின் சமூக அடிப்படையை அளவுகோலாக்கினார். மூவரும் ஒருவரையொருவர் மறுத்தது நூல்களை முன்வைத்தேயன்றி வெறும் விருப்பை முன்வைத்தன்று.

ஹியூமின் கதையிலே ஒரு குறை உண்டு. திறவுகோல் எப்பொழுதும் பீப்பாயின் அடியிற் கிடைப்பதில்லை. விளையாட்டிலே அதற்கு ஈடாக யாதுண்டு? பிறரை மீண்டும் ஆடச் செய்து, முன் அவர் காணாததைக் காணச் செய்வதே ஈடு. 2019 இலே வெளிவந்த 'டிஸ்கோ எலீசியம்' என்பதைப் பலர் முதலில் வெறுத்தனர். அதிலே வழக்கமான சண்டையே இல்லை. நினைவிழந்த துப்பறிவாளன் ஒருவனின் பாத்திரத்தை ஆடுபவர் ஏற்கின்றார், கொலையொன்றைத் துருவுகின்றார், பெரும்பகுதி வாசிப்பாகவே கழிகின்றது. சண்டையை நாடிச் சென்றவருக்கு அது சலிப்பூட்டுதல் இயல்பு. ஆயின் அவ்விளையாட்டின் எண்கள் எங்கே சென்றன என ஒருவர் சுட்டிக்காட்டினால் காட்சி மாறுகின்றது. பிற விளையாட்டுகளிலே தோள்வலியையும் வில்திறனையும் குறிக்கும் எண்கள் இங்கே தருக்கம், பரிவு, அச்சம் முதலிய இருபத்துநான்கு மனக்கூறுகளாகி, அவை ஒவ்வொன்றும் துப்பறிவாளனின் உள்ளிருந்து பேசத் தொடங்குகின்றன, ஒன்றையொன்று மறுக்கின்றன, பொய்யும் கூறுகின்றன. சண்டை நீக்கப்படவில்லை, தலைக்குள் இடம்பெயர்ந்தது எனலாம். இதனைக் கேட்டபின்னரும் ஒருவருக்கு அவ்விளையாட்டுப் பிடிக்காமற் போகலாம். 'அதிலே ஆட்டமே இல்லை' என்னும் பழைய கூற்றை மட்டும் அவர் கைவிடவேண்டியிருக்கும்.

இவ்வளவையும் ஓர் எண்ணுக்குள் அடக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை இக்காலத்து நம்பிக்கை. 2001 ஆம் ஆண்டு தோன்றிய மெற்றாக்கிரிட்டிக் என்னும் தளம் பல மதிப்புரைகளின் புள்ளிகளை நூற்றுக்கு மாற்றிச் சராசரி காண்கின்றது. எவருடைய மதிப்புரைக்கு எவ்வளவு நிறை என்பதை அது வெளியிடுவதில்லை. மேற்கூறிய 'நியூ வேகஸ்' 84 புள்ளி பெற்றது. அதனை ஆக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை கிடைப்பதற்கு 85 புள்ளி வேண்டியிருந்ததென்றும், ஒரு புள்ளியால் அது கைநழுவியதென்றும் அதன் எழுத்தாளர்களுள் ஒருவரான கிறிஸ் அவெலோன் 2012 இலே தெரிவித்தார். உழைத்தவர்களின் வருவாய் இங்கே ஒரு புள்ளியிற் தொங்கியது. அந்த 84 இலே என்ன கலந்திருந்தது? வெளிவந்த நாளிலே ஆட்டம் அடிக்கடி நின்றுபோனமைக்காகக் குறைத்த புள்ளியும், உரையாடலின் செறிவுக்காகக் கூட்டிய புள்ளியும், பாலைநிலக் கதை பிடியாதவர் தம் மனநிலைக்காகக் குறைத்த புள்ளியும் ஒன்றாய்க் கரைந்திருந்தன. முதலாவது திருத்தத்தக்கது, பெரும்பாலும் திருத்தவும் பட்டது. இரண்டாவது இன்றும் போற்றப்படுகின்றது. மூன்றாவது விளையாட்டைப் பற்றியதே அன்று. 84 என்னும் எண்ணோ அன்றிருந்தபடியே இன்றும் நிற்கின்றது.

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலே நடுவராக அமர்ந்த ஆசிரியர்களுக்கு இது விளங்காததன்று. நாடகப் போட்டியின் புள்ளித்தாளிலே உச்சரிப்பு, நடிப்பு, ஒப்பனை எனத் தனித்தனி நிரல்கள் இருப்பது, மூன்றையும் நடுவர் தனித்தனியே நோக்கவேண்டும் என்பதற்காகவே. திரை விழுந்தவுடன் கூட்டுத்தொகையை மனத்திலே எழுதிவிட்டுப் பின்னர் அத்தொகை வருமாறு நிரல்களை நிரப்பும் நடுவரும் உளர். அத்தாளும் பார்வைக்கு முறையான தாளாகவே தோன்றும். தோற்ற பாடசாலைப் பிள்ளை 'எங்கே சேர்?' என வினவும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

இனி, தமிழரைத் தனியே சோதிக்கும் ஒரு விளையாட்டுக்கு வருவோம். கனடாவின் ரொறன்ரோ நகரிலே இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் ஆக்கிய 'வெண்பா' 2023 ஜூலை 31 ஆம் தேதி வெளிவந்தது. 1988 ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து கனடாவிலே குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரும், அவர்தம் மகன் கவினும் கதைமாந்தர். வலிமையை எண்ணாற் குறித்து வளர்க்கும் முறை இதிலே இல்லாமையால் கண்டிப்பான இலக்கணப்படி இதனை ஆர்.பி.ஜி. எனல் பொருந்தாது. ஆயின் பாத்திரமேற்றல் என்னும் தொழிலை இதனளவு நேராகச் செய்வன சில. ஆடுபவர் தாயாக அடுக்களையிலே நிற்கின்றார். தன் தாய் தந்த சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கின்றது. விடுபட்ட பகுதியை ஊகித்துச் சமைக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் நீராவி எல்லாவற்றுக்கும் சென்று சேரும் என்பதே முதற் புதிர்களுள் ஒன்று. 2024 இலே சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்புக்கான விருதும் இதற்குக் கிடைத்தன.

தமிழருட் பலர் இதனை ஆடிக் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீர் எதற்குரியது என்பதே வினா. மாத்தளை வீடொன்றிலே வளர்ந்த பெண்ணுக்கு இட்லித் தட்டின் அடுக்கு ஒரு புதிரே அன்று. அவள் கை அதனை ஏற்கெனவே அறியும். அவள் பெறும் இன்பம் தன் வீட்டைத் திரையிலே கண்ட இன்பம். அது மெய்யான இன்பமேயாயினும் விளையாட்டின் சாதனையன்று. இட்லித் தட்டின் நிழற்படமும் ஓரளவுக்கு அதனைத் தந்திருக்கும். முதற்கண் கூறிய முதியவர் தம் மருமகனை ரதியிடம் தேடியதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 'நம்முடையது' என்பதற்காக ஒன்றைத் தரமென உயர்த்துவோமாயின், 'நம்முடையதன்று' என்பதற்காக அயலார் அதனைத் தாழ்த்தும்போது மறுமொழி கூற வாயிராது.

ஆயினும் தமிழறியாத ஒருவருக்கும் காட்டத்தக்க சிறப்பு இதிலே உண்டு. பிற்பகுதியிலே மகன் கவினின் பாத்திரம் ஆடுபவர் கைக்கு வருகின்றது. தாயின் குறிப்பை வாசிக்க அவனுடைய தமிழ் போதவில்லை. முன்னர்த் தாளின் கிழிசலால் மறைந்த சமையல் இப்பொழுது மொழியின் கிழிசலால் மறைகின்றது. புதிரின் விதி மாறவேயில்லை: இரு வேளையிலும் விடுபட்டதை ஊகித்தே சமைக்கவேண்டும். ஒரு தலைமுறையிலே தாளுக்கு நேர்ந்தது மறு தலைமுறையிலே நாவுக்கு நேர்ந்தது என்பதை எவரும் சொற்பொழிவாற்றிக் கூறவில்லை. ஆடுபவர் தம் தடுமாற்றத்தாலேயே அறிகின்றார். திரைப்படமாயின் கவின் தடுமாறுவதை நாம் காண்போம். இங்கே தடுமாறுவது நாம். கருத்தை விதியிலேயே வைத்துக் கட்டிய இவ்வமைப்பை நோர்வேக்காரருக்கும் யப்பானியருக்கும் விரலால் தொட்டுக் காட்டலாம்; கண்ணீர் அதற்குத் தேவையில்லை.

இவ்விளையாட்டின்மீது இரு குற்றச்சாட்டுகள் பரவலாக உள்ளன. மிகக் குறுகியது, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றது என்பது ஒன்று. விலைக்கு ஏற்ற மணித்தியாலம் எவ்வளவு எனக் கணக்கிடுவோர் இதனைப் பெரிதாக எடுத்துரைப்பர். துணி வாங்குமிடத்து அக்கணக்குச் சரி. ஈரடியில் முடியும் குறள் வெண்பாவை அடி குறைந்ததெனத் தமிழறிந்தார் எவரும் தள்ளியதில்லை; நூறு மணி நேரம் நீளும் பெருவிளையாட்டுகளிலே ஒரே ஓநாயை முந்நூறு முறை கொல்லவேண்டியிருப்பதையும் கணக்கிலே சேர்க்கவேண்டும். உரையாடலிலே தெரிவுகள் தரப்படுகின்றனவேனும் அவை கதைப்போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை என்பது மற்றது. இதற்கு அத்தகைய மறுமொழி இல்லை. தெரிவு என ஒன்றைத் திரையிலே காட்டிய விளையாட்டு, அத்தெரிவுக்கு ஒரு விளைவு உண்டென வாக்களிக்கின்றது. தாய் கடிந்து பேசினாலும் கனிந்து பேசினாலும் மகன் அதே கதவால் வெளியேறுவானாயின், ஆடுபவரிடம் வினவியிருக்கவே வேண்டாம். புலம்பெயர்ந்த தாயின் சொல்லுக்கு மகனிடத்து வலிமையில்லை என்பதையே அது காட்டுகின்றது எனச் சமாதானம் கூறுவோர் உளர். கவினின் தமிழ்த் தடுமாற்றத்தைக் கையாலே உணரச் செய்தவர்கள் அதனையும் உணரச் செய்திருக்கலாம், செய்யவில்லை. வெண்பாவை நேசிக்கும் தமிழரும் இக்குற்றச்சாட்டை ஏற்கவே வேண்டும்.